ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன்

பல் டாக்டரிடம் போய் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் குழந்தைகள் உண்டு. பொடிசு மூட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். டாக்டரம்மா பார்த்து முடித்து, கையுறையைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்த பிறகும் அவள் அந்தச் சாய்வு நாற்காலியில் வாயை ஆவென்று வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நாலு வயசு. அந்த விளக்கு வெளிச்சம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

"மூணு பல்லுல ஓட்டை," என்றார் டாக்டரம்மா. "கீழ ரெண்டு, மேல ஒண்ணு."

அறையில் மூன்று பெரியவர்கள் நின்றிருந்தார்கள். பொடிசின் அம்மா, அம்மாவின் அப்பா, கடைசியாகக் கதவோரம் பொடிசின் அப்பா. இந்தக் கதவோர ஆசாமியின் கதைதான் இது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் அவருக்குப் பெயர் மாப்பிள்ளைதான். மாமனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், தபால்காரர் வரை எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷன். தன் பேரில் தப்பு என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் தந்திரசாலி ஆகிவிடுவார்.

"ரெண்டு வேளையும் நானே தேய்ச்சு விடறேனே டாக்டர்," என்றாள் அவர் மனைவி.

"தேய்க்கறது நல்லதுதாம்மா. ஆனா வாயில சில கிருமிங்க குடியிருக்கு. நாம இனிப்பு சாப்பிட்டா அதுங்களும் சாப்பிடும். சாப்பிட்டுட்டு ஆசிட்டை விடும். அந்த ஆசிட்டுல பல்லு ஒரு அரைமணி நேரம் ஊறும். அப்புறம் எச்சில் அதைச் சரி பண்ணிடும். ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா எச்சில் சமாளிச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமா பத்து தடவை வாயில போட்டா, பாவம், எச்சில் என்ன பண்ணும்?"

"அந்தக் கிருமி எங்கேருந்து வருது?" என்று கேட்டார் மாமனார். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். முப்பத்தொரு வருஷம் ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குள் முன்னறிவிப்பில்லாமல் நுழைந்து பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்த்தவர். அறுபத்தெட்டு வயதில் முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். டீயில் சர்க்கரை போட மாட்டார். போடுகிறவர்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

"பிறக்கும்போது குழந்தை வாயில இது இருக்காது சார். பெரியவங்க வாயிலேருந்துதான் போகும். ஒரே ஸ்பூன்ல சாப்பிடறது, கடிச்சுக் குடுக்கறது, இப்படி. யாரோ குடுத்திருக்காங்க."

யாரோ என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் மனைவி நிமிர்ந்து நின்றாள். அவள் சட்டைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். ஒரு சட்டையில் ஒரு பொத்தான் கோணலாக இருந்தால், அது எந்த மெஷினில், எந்த ஷிப்டில், யார் கையில் கோணியது என்று கண்டுபிடிக்காமல் அவள் வீட்டுக்கு வந்தது கிடையாது. அவள் மெதுவாகத் திரும்பிக் கதவோரம் பார்த்தாள்.

மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைக் கூர்ந்து படிக்க ஆரம்பித்தார்.

அவருக்குத் தெரியும். யாரோ யார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

தினமும் நாலு மணிக்கு நர்சரியிலிருந்து பொடிசை அழைத்துவருவது அவர்தான். வழியில் ஒரு பேக்கரி. அங்கே ஒரு கப் ஐஸ்கிரீம். அந்தக் கடைக்காரர் ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன்தான் கொடுப்பார். இன்னொன்று கேட்டால் இன்னொரு கப் வாங்கச் சொல்வார். அதனால் அப்பாவுக்கு ஒரு வாய், பொடிசுக்கு ஒரு வாய். முதல் வாய் அப்பாவுக்கு, ஏனென்றால் ரொம்பச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் பொடிசு அன்றைக்கு நர்சரியில் யார் யாரைக் கடித்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணுக்காகக் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அந்த இருபது நிமிஷம்தான் நிமிர்ந்து உட்காரும் நேரம். வீட்டில் சொல்லக்கூடாது என்றதும் பொடிசு சரி என்றாள். ரகசியம் காப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மாப்பிள்ளையின் சொந்த வாயில் அடைத்த பல் மூன்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் மேஜை விளக்கைப் போட்டு, பழைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி எதிரில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த நாற்காலி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

"நான் காலையில ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் ஏழுக்குத்தான் வர்றேன்," என்றாள் மனைவி. "பொடிசு நாலு மணியிலேருந்து உங்ககிட்ட இருக்கா. ஆறு மணிக்கு மேல பார்க்குல அப்பாகிட்ட இருக்கா. யாருன்னு தெரியட்டும். அந்த ஆள் இனிமே அவளை வெளியில கூட்டிட்டுப் போகப் போறதில்ல. இன்னொருத்தர் ரெண்டு வேளையும் பாத்துக்கட்டும்."

பேக்கரி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பொடிசு உட்கார்ந்திருப்பதும், எதிர் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருப்பதும் மாப்பிள்ளையின் கண்முன் வந்தது. உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கிருமியை யார் குடுத்தா என்ன?" என்றார். "அது சும்மாதானே உக்காந்திருக்கும். இனிப்பு போட்டாத்தானே வேலை செய்யும்? டாக்டரே சொன்னாங்களே. இந்த வீட்டுல இனிப்பு இருக்கறதுதான் தப்பு."

"கரெக்ட்," என்றாள் மனைவி.

ஐந்து நிமிஷத்தில் பிஸ்கெட், ஜாம், கேக், சாக்லேட் பவுடர் எல்லாம் ஒரு பைக்குள் போய், பை பக்கத்து வீட்டுக்குப் போனது. கடைசியாக சர்க்கரை டப்பாவும் போனது. மாப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவர். ஒவ்வொரு டீயிலும் மூன்று கரண்டி. அவர் டப்பா போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல யோசனை மாப்பிள்ளை," என்றார் மாமனார். இப்படிப் பாராட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் அவர் சர்க்கரை இல்லாமல் வாழப் பழகினார். மதியம் வரை தாக்குப்பிடித்தார். பிறகு, பழத்தில் இருப்பது இயற்கை, இயற்கை கெடுதல் செய்யாது என்று தீர்மானித்து, கால் கிலோ உலர்ந்த திராட்சை வாங்கிக் கடை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். லென்ஸுக்கு ஒன்று, ஃபிரேமுக்கு ஒன்று என்று சாயங்காலம் வரை வாயில் ஏதாவது ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒட்டியதைப் போக்க எலுமிச்சைச் சாறு குடித்தார். சாறு குடித்த வாயோடு பல்லை அழுத்தித் தேய்த்தார். மூன்றாம் நாள் அடைத்த பற்களில் ஒன்று விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அதை மறைக்கக் கிராம்புத் தைலம் தடவினார். தைல வாசனையை மறைக்க இருமல் மிட்டாய் போட்டார். இருமல் இல்லாமல் இருமல் மிட்டாய் சாப்பிட்டால் கேட்பார்களே என்று இடையிடையே இருமினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமனார் மூக்கை உயர்த்தினார். முப்பத்தொரு வருஷம் உழைத்த மூக்கு அது.

"கிராம்பு," என்றார். "மேல ஏதோ மிட்டாய். ஏன் மாப்பிள்ளை, பல்லு வலியா?"

"இருமல் மாமா."

"இருமலுக்கு ஏன் கன்னத்தைப் பிடிச்சுக்கிறீங்க?"

மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். மாப்பிள்ளை கன்னத்திலிருந்து கையை எடுத்தார். எடுத்த வேகத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"பல்லுங்கறது பரம்பரை மாமா," என்றார். "பொடிசுக்கு அம்மா வழியிலகூட வந்திருக்கலாமே."

மாமனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வழியிலயா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"எங்க அப்பா எண்பத்தஞ்சு வயசுல கரும்பைக் கடிச்சுத் துப்பினவரு. எங்க வழியில பல்லு போனவன் ஒருத்தன் கிடையாது. நான் இப்பவே டாக்டரம்மாகிட்ட கேக்கறேன். இதுக்கு டெஸ்ட்டுன்னு ஏதாவது இல்லாமலா இருக்கும்?"

இருந்தது. அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், மாப்பிள்ளை சும்மா இருந்திருந்தால். டாக்டரம்மாவோடு படித்த தோழி ஒருத்தி கல்லூரியில் இதைத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். குடும்பங்களில் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குக் கிருமி எப்படிப் போகிறது என்று. ஒவ்வொருவர் வாயிலும் இருக்கும் கிருமியின் ரகத்தைப் பிரித்துப் பார்ப்பாள். பொடிசின் ரகத்தோடு யாருடையது ஒத்துப்போகிறதோ, அவர்தான் ஆள். ஆராய்ச்சி என்பதால் இலவசம். எச்சில் மட்டும் கொடுத்தால் போதும்.

"போதும்," என்றாள் மனைவி. அவள் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

கிளினிக்கின் உதவிப் பெண் மூன்று சின்ன பாட்டில்கள் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன் துப்பி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பத்து மணிக்கு அவளே வந்து வாங்கிக்கொள்வாள். பொடிசின் எச்சிலைக் கிளினிக்கிலேயே எடுத்தாகிவிட்டது.

மாமனார் அவளிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "ஏம்மா, முப்பத்திரண்டு பல்லும் நல்லா இருக்கறவங்க வாயில அந்தக் கிருமியே இருக்காதில்ல?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். பல்லு கெட்டியா இருந்தா வெளிய தெரியாது. ஆனா உள்ள இருக்கலாம்."

"ஓகோ," என்றார் மாமனார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு டம்ளர்.

காகிதத்தை மூன்று துண்டாகக் கத்தரித்து, அம்மா, அப்பா, தாத்தா என்று மாமனாரே தன் ஆய்வாளர் கையெழுத்தில் எழுதி, பசையிட்டு ஒட்டினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மூன்று பாட்டில்களும் நிரம்பி, ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனாள். மாமனார் நடைப்பயிற்சிக்குப் போனார். சமையலறையில் பொடிசு பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குளிர் முகத்தில் அடித்தது. ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே பேக்கரி நாற்காலியில் மாமனார் வந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் உள்ளதிலேயே சுத்தமான வாய் யாருடையது? அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கண்ணாடி துடைக்கிற விரல்கள் சும்மாவா? பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு, ஆவியில் காட்டி, அப்பா என்ற காகிதத்தையும் தாத்தா என்ற காகிதத்தையும் கிழியாமல் உரித்து மாற்றி ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினார். பசை போன காகிதம் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. போதும், பத்து மணி வரை நின்றால் போதும்.

மாமனாருக்கு ஆபத்து வருமே என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்தார். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் பாத்திரத்து மூடியைத் திறந்து பார்த்தவர், ஒரு தடவை பதில் சொல்லும் இடத்தில் நிற்கட்டும் என்று முடிவுக்கு வந்தார். இந்த யோசனைக்கு அரை நிமிஷம் பிடித்தது.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் பொடிசு, மேலுதட்டில் பால் மீசையோடு.

"இது ஒரு விளையாட்டு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சரி," என்றாள் பொடிசு. மாப்பிள்ளை நிம்மதியாகக் குளிக்கப் போனார். அரைமணி நேரம் குளித்தார். பாட்டுக்கூடப் பாடினார்.

பத்து மணிக்கு உதவிப் பெண் வந்தபோது அவர்தான் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். காகிதங்கள் விறைப்பாக, ஓரம் கூடத் தூக்காமல், அழகாக ஒட்டியிருந்தன. ஓரத்தில் கோந்து பிதுங்கி நின்றது. நல்ல பசை, காய்ந்ததும் தானே பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வீட்டில் அப்படி ஒரு அமைதி. மாமனார் குறிப்பேட்டைத் தொடவில்லை. விசாரணை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் மாமனாரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு கதவைத் தாண்டவே முடியாமல் போனது.

"நீங்க முதல்ல போங்க மாப்பிள்ளை."

"ஐயோ, நீங்க போங்க மாமா."

பதினோராம் நாள் கிளினிக்கில் டாக்டரம்மா தாளைப் பிரித்தார். பொடிசு நாற்காலியில் தானாகவே ஏறி வாயைத் திறந்துகொண்டு படுத்தாள்.

"அம்மாவோடது ஒத்துப்போகல," என்றார் டாக்டரம்மா. "தாத்தாவோடதும் ஒத்துப்போகல. அப்பா பாட்டில்ல இருந்த ரகம்தான் குழந்தை வாயிலயும் இருக்கு. அச்சு அசல் அதே."

மாப்பிள்ளைக்குக் காது அடைத்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அப்பா பாட்டில். அப்பா பாட்டிலில் இருந்தது யார் எச்சில்? அவர் மெதுவாகத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா, நீயா?

அது என் எச்சில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? எடுத்த வாயை மூடிக்கொண்டார். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் மோசடி செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனுஷன் இதைவிட எப்படி மாட்டிக்கொள்ள முடியும்?

"நான் நினைச்சேன்," என்றாள் மனைவி. கத்தியிருந்தால் தேவலை.

"விடும்மா," என்றார் மாமனார், தரையைப் பார்த்தபடியே. "தெரியாமப் பண்ணியிருப்பாரு."

என்ன நடிப்பு என்று மாப்பிள்ளை மனசுக்குள் பல்லைக் கடித்தார். அந்தப் பல்தான் வலிக்கிற பல்.

"கிருமி வந்தது ஒரு வழின்னா, அதுக்கு அடிக்கடி தீனி போட்டது இன்னொரு வழியா இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "சும்மா சும்மா இனிப்பு குடுக்காதீங்க. வாரத்துல ஒரு நாள் போதும். சாப்பிட்ட உடனே தண்ணி குடிக்க வைங்க. ஸ்பூன் மட்டும் தனித்தனியா இருக்கட்டும்." சொல்லிவிட்டு ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாளிலிருந்து நாலு மணிக்கு நர்சரி வாசலில் மாமனார் நின்றார். மாப்பிள்ளை கடையில் நாலு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நாலு இருபதுக்கு இன்னொரு தடவை பார்ப்பார். அன்றைக்கு யார் யாரைக் கடித்தார்கள் என்ற செய்தி அவருக்கு வந்து சேரவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்ததில், அவர் வாசற்படியில் தடுக்கி விழப்பார்த்தார். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

அதைவிட விசித்திரம் மாமனார். ஜன்னலோரத்தில் இருந்த தன் சாய்வு நாற்காலியை மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தார். செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் முதலில் அவரிடம் நீட்டினார். ஒரு நாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவந்த சர்க்கரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பொடிசுக்கு முடி வெட்டக் கூட்டிப்போயிருந்தாள். மாப்பிள்ளை அந்தச் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்.

"மாமா, எனக்கு எல்லாம் தெரியும்."

மாமனார் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். "எப்பத் தெரியும்?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே."

"பொடிசு சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு டாஃபியை எடுத்து மேஜையில் வைத்தார். பறிமுதல் செய்த பொருளை வைக்கிற மாதிரி வைத்தார்.

"முழுசாக் குடுத்தா தொண்டையில சிக்கிடும் மாப்பிள்ளை," என்றார். "எத்தனை கேஸ் பார்த்திருக்கேன். அதனால நானே பாதியாக் கடிச்சு, ஒரு பாதியை அவளுக்குக் குடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான்."

"இன்னொரு பாதி?"

"கீழயா போட முடியும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஊஞ்சலுக்கு ஒண்ணு. சறுக்கு மரத்துக்கு ஒண்ணு. வீட்டுக்கு வர மாட்டேன்னு அழுதா ஒண்ணு."

"அழுவாளா?"

"தினமும் அழுவா." மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஏன் மாப்பிள்ளை அப்பவே என்னைக் காட்டிக் குடுக்கல?"

"பெரியவங்களை எப்படி மாமா..." என்று மாப்பிள்ளை இழுத்தார்.

"நீங்க பெரிய மனுஷன்," என்றார் மாமனார், குரல் உடைய. மாப்பிள்ளை மறுக்கவில்லை.

மனைவி வந்ததும் மாமனார் எழுந்து நின்று சொன்னார். "அந்த ரிப்போர்ட்டை நம்பாதேம்மா. அது தப்பு. ஆளு நான்தான். டாஃபியைக் கடிச்சுக் குடுத்தது நான்."

"நீங்களா?" மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பாட்டிலும் எங்கயோ மாறியிருக்குமோ?"

"மாறியிருக்கும்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

தரக் கட்டுப்பாட்டில் பதினோரு வருஷம் இருந்தவள் என்றாலும், சொந்த அப்பாவே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மேற்கொண்டு துருவுவானேன் என்று விட்டுவிட்டாள். கணவனிடம் வந்து, "தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க," என்றாள். ஏழு வருஷத்தில் முதல் மன்னிப்பு. மாப்பிள்ளை அதை அவசரப்படாமல் வாங்கிக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க மாமனாருக்குப் பார்க் மட்டும் திரும்பக் கிடைத்தது. ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, தொழிற்சாலைக் கேட்டில் செய்வதுபோல, மகள் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்த பிறகே விடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாப்பிள்ளை நர்சரி வாசலில் நின்றார். பொடிசு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளாமல் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பையில் மனைவி ஒரு டப்பா வைத்திருந்தாள். டப்பாவுக்குள் கழுவித் துடைத்த இன்னொரு ஸ்பூன்.

பேக்கரியில் அதே நாற்காலி. அதே கப். கடைக்காரர் வழக்கம்போல ஒரே ஒரு ஸ்பூனை நட்டுவைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பையைத் திறக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். எதற்கு? குற்றமற்ற வாய் இது. ஆராய்ச்சிக்கூடமே சொல்லிவிட்ட வாய். மூன்று பல் அடைத்தது சும்மா போறாத காலம்.

முதல் வாயை அவர் சாப்பிட்டுப் பார்த்து, சில் சரியாக இருக்கிறது என்றார். அடுத்ததை அதே ஸ்பூனில் பொடிசுக்கு ஊட்டினார். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நர்சரிச் செய்திகள் முழுவதும் வந்து சேர்ந்தன. கப் பாதியானது.

"ஏண்டா கண்ணு, தாத்தா டாஃபி குடுத்ததை ஏன் அப்பாகிட்ட சொல்லவே இல்ல?"

"தாத்தா ரகசியம்னு சொன்னாரு."

"இனிமே அப்பாகிட்ட மட்டும் ரகசியமே வெச்சுக்கக்கூடாது. எதுவா இருந்தாலும் சொல்லிடணும். சரியா?"

பொடிசு யோசித்தாள். அவர் நிறைவாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஸ்பூனை நக்கிச் சுத்தம் செய்து, மறுபடி நிறைய அள்ளி அவளுக்கு நீட்டினார். அவள் அதை முழுசாக வாங்கி, கண்ணை மூடி விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, அன்னிக்கு நீங்க பாட்டில்ல பேப்பரை மாத்தி ஒட்டிட்டுக் குளிக்கப் போனீங்கல்ல, அப்ப தாத்தா வந்து அந்த ரெண்டு பேப்பரையும் மறுபடியும் மாத்தி ஒட்டினாரு, நான்தான் கோந்து எடுத்துக் குடுத்தேன்."